சேதக் கணக்கை ஊரில் வாசிக்கணும்!

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! பாட்டத்துக்குப் பயிர் செய்யும் சகோதரர்களே! நடவுக்கும் களைக்கும் இறங்கும் தாய்மார்களே! ரப்பர் வெட்டும் தோழர்களே!

நம்ம வயலைப் பத்தின ரெண்டு பெரிய தீர்மானங்களை, நம்ம வயலை ஒருநாளும் பார்க்காதவங்க எடுத்துக்கிட்டு இருக்காங்க. மழையும் காத்தும் கெட்டதுக்கு யார் பொறுப்பு, யார் பணம் கொடுக்கணும் என்பது ஒண்ணு. அது பாரிஸ், துபாய், பாகு என்று உலக மாநாடுகளில் பேசப்படுது. நம்ம நிலமும் பயிரும் நஷ்டமும் எந்தக் கம்ப்யூட்டரில், என்ன கணக்கில் ஏறணும் என்பது இன்னொண்ணு. அது டெல்லியிலும் நியூயார்க்கிலும் பேசப்படுது.

"அண்ணாச்சி, துபாயில கூட்டம் போட்டா நம்ம பத்துல தண்ணி வடியுமா?" என்று டீக்கடையில் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. தண்ணி வடியாது. ஆனா தண்ணி வடிஞ்ச பிறகு உங்க கையில் ஒரு ரூபாய் வருமா வராதா என்பது அந்தக் கூட்டங்களில்தான் பாதி முடிவாகுது. மீதிப் பாதி செல்போனுக்குள்ளே முடிவாகுது. அதனால் இதை நாம தெரிஞ்சுக்காம இருக்க முடியாது.

வானத்தைக் கெடுத்தது யார்?

2017 நவம்பர் 30. ஒக்கி புயலை நம்ம மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. ஒரே நாளில் வாழைத் தோட்டங்கள் படுத்தன. இருபது வருஷம் வளர்த்த ரப்பர் மரம் நடுவில் முறிஞ்சு நின்னது. கடலுக்குப் போன மீனவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரல. எச்சரிக்கை வந்தபோது அவங்க செல்போன் எட்டாத ஆழ்கடலில் இருந்தாங்க.

2021 நவம்பரில் பெய்த மழையில் கும்பப்பூ வயல்கள் கடலாக நின்னது. ரயில் தண்டவாளத்தில் மண் சரிஞ்சது. முதலமைச்சரே வந்து பார்த்தார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்கள் நாலும் மூழ்கின. அந்த மழையில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது.

மழை முன்னாலும் பெய்தது, வெள்ளமும் வந்தது. ஆனா இப்ப சூடான காத்து அதிக ஈரத்தைத் தாங்குது. ஒரு டிகிரி சூடு கூடினால் காத்து சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும் என்று விஞ்ஞானிகள் சொல்றாங்க. பிடிச்சு வைத்ததை ஒரேயடியாகக் கொட்டும். தொழிற்சாலைக் காலத்துக்கு முன்னால் இருந்ததைவிட 2024-ம் ஆண்டு உலகம் ஒன்றரை டிகிரிக்கு மேல் சூடாக இருந்தது என்று உலக வானிலை அமைப்பு கணக்குச் சொல்லியது.

இந்தச் சூட்டுக்கு யார் காரணம்? கரியும் எண்ணெயும் எரிச்சுப் பணக்காரன் ஆன நாடுகள்தான் பெரும் பங்கு. ஒரு அமெரிக்கர் கணக்கில் வருஷத்துக்குச் சுமார் 14 டன் கரிப்புகை. ஒரு இந்தியர் கணக்கில் சுமார் 2 டன். அந்த 2 டன்னிலும் ஐம்பது சென்ட் வயல் வச்சிருக்கிறவன் பங்கு என்ன இருக்கப்போகுது?

நஷ்டம் உண்டாம், நஷ்டஈடு கிடையாதாம்!

2015-ல் பாரிஸில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. அதில் எட்டாவது பிரிவு, பருவநிலையால் வரும் இழப்பையும் சேதத்தையும் பத்தியது. படிச்சுப் பார்த்தால் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ஒப்பந்தத்தை ஏத்துக்கிட்ட அதே தீர்மானத்தில் 51-வது பத்தி என்று ஒண்ணைச் சேர்த்தாங்க. இந்த எட்டாவது பிரிவை வச்சுப் பொறுப்பு சுமத்தவோ நஷ்டஈடு கேட்கவோ முடியாது என்று அதில் எழுதியிருக்கு. பக்கத்து வீட்டு மாடு உங்க வயலை மேய்ஞ்சிருச்சு. "மேய்ஞ்சது உண்மைதான், வருத்தமா இருக்கு, ஆனா நஷ்டம் கேட்டுப் படி ஏறாதே" என்று சொன்ன மாதிரி!

அதுக்குப் பிறகு ஏழை நாடுகள் விடாமல் சண்டை போட்டு, 2022-ல் எகிப்தில் நடந்த மாநாட்டில் இழப்பு-சேத நிதி என்று ஒண்ணை ஒத்துக்க வச்சாங்க. 2023-ல் துபாய் மாநாட்டில் அதை நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க. அந்தத் தேதி நவம்பர் 30. ஒக்கி அடிச்சு சரியா ஆறு வருஷம்!

எவ்வளவு பணம்? 2025 நவம்பரில் பிரேசில் மாநாட்டில், முதல் சுற்றாக 25 கோடி டாலருக்கு விண்ணப்பம் கேட்டாங்க. நம்ம பணத்தில் சுமார் 2,200 கோடி ரூபாய். அது உலகத்தில் உள்ள வளரும் நாடுகள் எல்லாத்துக்கும் சேர்த்து! அதில் குறைந்தது பாதி மிகவும் ஏழை நாடுகளுக்கும் சின்னத் தீவுகளுக்கும் என்று ஒதுக்கியிருக்காங்க. அது நியாயம்தான். ஆனா 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்து நம்ம தமிழ்நாடு மட்டும் மத்திய அரசிடம் கேட்டது சுமார் 37,900 கோடி. ஒரு மாநிலத்தின் ஒரு மாதச் சேதத்தில் பதினேழில் ஒரு பங்குதான் உலகத்துக்கே முதல் சுற்று நிதி! பணக்கார நாடுகள் செய்த தர்மம் இவ்வளவுதான்.

வெளிநாட்டுக்காரனை மட்டும் திட்டிட்டு நிறுத்தக் கூடாது. அந்த 37,900 கோடிக்கு, 2024 ஏப்ரலில் தேசியப் பேரிடர் நிதியில் இருந்து விடுவிச்சது சுமார் 276 கோடி. மாநிலப் பேரிடர் நிதிக்கு வழக்கமாகத் தரும் பங்கு தனி. இதுக்காகத் தமிழ்நாடு அரசு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போக வேண்டியதாச்சு. உலக மாநாட்டில் நம்ம அரசாங்கம் பணக்கார நாடுகளைப் பார்த்து எந்தக் கேள்வியைக் கேட்குதோ, அதே கேள்வியை நாம டெல்லியைப் பார்த்தும் சென்னையைப் பார்த்தும் கேட்கணும்.

கடைசியில் விவசாயி கைக்கு வருவது என்ன? 2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிவாரண விதிப்படி, 33 சதவீதமோ அதுக்கு மேலோ சேதமானால்தான் நிவாரணம். பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஐம்பது சென்ட்டுக்குப் போட்டுப் பாருங்க: 3,440 ரூபாய் வரும். உழவுக்கும் நடவுக்கும் உரத்துக்கும் கொடுத்த கூலி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

செல்போனில் ஏறினால்தான் சேதம்

இந்த 3,440 ரூபாயும் காப்பீட்டுப் பணமும் வருவதற்கு முன்னால் இன்னொரு வாசல் இருக்கு. அது செல்போன் வாசல்.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் வந்தது. அதில் நெல்லுக்கு ஒவ்வொருத்தர் வயலையும் பார்த்து நஷ்டம் போடுறது இல்ல. வருவாய்க் கிராமத்தையோ பிர்காவையோ ஒரு அலகாக எடுத்து, சில இடங்களில் அறுவடைச் சோதனை நடத்தி, முந்தைய வருஷங்களின் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. மேட்டு வயல்காரனுக்கு நல்லா விளைஞ்சிருந்தால், பள்ளத்தில் மூழ்கினவன் கதை முடிஞ்சது. 2023 முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் செயற்கைக்கோள் போன்ற தொழில்நுட்பக் கணக்குக்குக் குறைந்தது 30 சதவீதம் மதிப்புக் கொடுக்கணும் என்று கொண்டு வந்தாங்க.

நம்ம ஊருக்கு இது எப்படிப் பொருந்தும்? நமக்கு ரெண்டு பருவமழை. சேதம் நடக்கிற நாளில் வானம் முழுக்க மேகம். மேகத்தைத் துளைச்சுப் பார்க்கிற ரேடார் செயற்கைக்கோள் உண்டு. ஆனா நம்ம வயலோ இருபது சென்ட், முப்பது சென்ட். ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் வாழை, நடுவில் ஒரு துண்டு நெல். பஞ்சாபில் பத்து ஏக்கர் கோதுமை வயலுக்குப் பொருந்துகிற கணக்கு, சுசீந்திரம் வயலுக்கும் தோவாளை வயலுக்கும் அப்படியே பொருந்துமா? பொருந்தும் என்றால் காட்டட்டும். எந்த ஊருக்கு என்ன கணக்கு வந்தது, அறுவடைச் சோதனையில் என்ன வந்தது என்று ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒட்டட்டும். அதைத்தான் கேட்கிறோம்.

நெல் வயலில் தண்ணி தேங்கி அழுகினால் தனி வயலாகப் பார்த்து நஷ்டம் போடுகிற வசதியை 2018-ல் எடுத்துட்டாங்க. விவசாயிகள் கத்தி, 2026 காரீப் பருவம் முதல் திரும்பச் சேர்க்கிறதாக 2025 நவம்பரில் அறிவிச்சாங்க. யானை, காட்டுப்பன்றி செய்கிற சேதமும் சேரும் என்றாங்க. மலையடிவாரத்தில் பயிர் செய்கிறவங்களுக்கு இது நல்ல செய்தி. வரவேற்கிறோம். ஆனா வனவிலங்குச் சேதத்துக்கு என்ன நிபந்தனை தெரியுமா? 72 மணி நேரத்துக்குள் செல்போன் செயலியில், இடம் காட்டுற போட்டோவோடு புகார் ஏத்தணும்.

ஒக்கி அடிச்ச வாரத்தை நினைச்சுப் பாருங்க. பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்டு இல்ல. டவர் இல்ல. ரோட்டில் மரம் கிடந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் 72 மணி நேரம் என்பது யாருக்குச் சாதகம்? புயல் பெரிசாக அடிக்க அடிக்க செல்போன் வேலை செய்யாது. செல்போன் வேலை செய்யாவிட்டால் நஷ்டம் நடந்ததாகக் கணக்கு இல்ல! வானம் கெட்டதும், கணக்கு செல்போனுக்குள் போனதும் நம்ம தலையில் ஒரே இடத்தில் வந்து விழுகிறது இப்படித்தான்.

யாருக்கு எண், யாருக்கு இல்லை?

2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, டிஜிட்டல் வேளாண் இயக்கம் என்று 2,817 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூணு வருஷத்தில் 11 கோடி விவசாயிகளுக்கு எண் கொடுக்கிறது இலக்கு. 2025-ல் நம்ம ஊர்களில் முகாம் போட்டுப் பதிஞ்ச தனித்துவ அடையாள எண் இதுதான். ஆதார், அதோடு சேர்ந்த செல்போன், பட்டா மூணும் ஒத்துப் போகணும்.

நம்ம ஊரில் எத்தனை பட்டா இன்னும் தாத்தா பேரில் கிடக்கு? எத்தனை பேர் கூட்டுப் பட்டாவில் மாட்டிக்கிட்டு இருக்காங்க? தேவசம் நிலத்தையும் தனியார் நிலத்தையும் பாட்டத்துக்கு எடுத்து, சேற்றில் இறங்கி, கடன் வாங்கிப் பயிர் செய்கிறவன் பேரில் பட்டா ஏது? வெள்ளம் வந்தால் நஷ்டம் அவனுக்கு. எண் மட்டும் நாகர்கோவிலிலோ வெளிநாட்டிலோ இருக்கிற நில உடமைக்காரருக்கு!

எங்க ஊரில் ரப்பர் வெட்டுகிற ஒரு அண்ணன், மூணு தடவை சேவை மையத்துக்கு நடந்தார். கத்தியும் ஆசிடும் பட்டுத் தேய்ஞ்ச விரல். மிஷின் ரேகையை எடுக்கல. நாள்கூலி மூணு நாள் போனதுதான் மிச்சம். முகத்தைக் காட்டிப் பதிகிற வசதியும் இருக்குன்னு சொல்றாங்க. அதுக்கு நல்ல செல்போன் வேணும்.

"கம்ப்யூட்டரில் ஏத்தினால் மோசடி நடக்காது" என்று சொல்றவங்க 2020-ம் ஆண்டை மறந்துட்டாங்களா? தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில், அதிகாரிகளின் பாஸ்வேர்டை வச்சு, தகுதி இல்லாத லட்சக்கணக்கான பேரை பி.எம். கிசான் திட்டத்தில் ஏத்திட்டாங்க. சுமார் 110 கோடி ரூபாய் போச்சு. வெளியூர்க்காரன், நிலமே இல்லாதவன் எல்லாம் விவசாயி ஆனான். அந்தப் பட்டியலை ஊரில் ஒருநாள் சத்தமாக வாசிச்சிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "யாருவே இது? இந்தப் பேர்ல இங்க ஒரு வயலும் கிடையாதே!" என்று முதல் பத்து நிமிஷத்தில் ஊர் சொல்லியிருக்கும். எந்த பாஸ்வேர்டைவிடவும் ஊரின் கண் பெரிசு. இதுதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

நம்ம தகவல் யார் சொத்து?

யாருக்கு எத்தனை சென்ட், என்ன பயிர், எவ்வளவு கடன், எப்ப அறுப்பு? இதெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தால் யாருக்கு உபயோகம்? அரசாங்கத்துக்கு உண்டு, மறுக்கல. உரக் கம்பெனிக்கும், கடன் கொடுக்கிற கம்பெனிக்கும், நெல் வாங்குகிற பெரிய வியாபாரிக்கும் அதைவிட உபயோகம் உண்டு. 2021 ஏப்ரலில் மத்திய வேளாண் அமைச்சகம் மைக்ரோசாஃப்ட் கம்பெனியோடு, 6 மாநிலங்களில் 100 கிராமங்களுக்கு ஒரு ஒப்பந்தம் போட்டது. நாடு முழுக்க விவசாய அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவிச்சு எழுதின. விவசாயியைக் கேட்காமல் விவசாயி தகவலில் ஒப்பந்தம் என்ன என்பதுதான் அன்றைய கேள்வி. அது இன்னைக்கும் அப்படியே நிக்குது.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. மானியம், சலுகை கொடுக்க அரசாங்கம் தகவல் எடுக்கிறதுக்கு அதில் தனி வழி வச்சிருக்காங்க. உலக அளவிலும் 2024 செப்டம்பரில் ஐ.நா. சபையில் உலக டிஜிட்டல் உடன்படிக்கை என்று ஒண்ணை நிறைவேத்தினாங்க. அதில் தகவல் உரிமை, பாதுகாப்பு என்று நல்ல வார்த்தைகள் இருக்கு. ஆனா மீறினால் தண்டிக்கிற சட்டம் அது இல்ல. பருவநிலை மாநாட்டில் பார்த்த அதே கதை!

செல்போனே வேண்டாம் என்று நாம சொல்லல. பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. இன்னைக்கு எத்தனை அடி நிக்குது, மறுகால் எப்பத் திறக்கப்போறாங்க என்று ஒரு நாள் முன்னால் தெரிஞ்சால் ஆற்றோரத்து வாழையில் வெட்டுகிற குலையையாவது வெட்டிக்கலாம். 2027 முடிவுக்குள் உலகத்தில் எல்லாருக்கும் முன்னெச்சரிக்கை என்று ஐ.நா. இலக்கு வச்சிருக்கு. அந்த வசதி வரட்டும், ரெண்டு கையாலும் வாங்குவோம். செல்போன் நமக்குச் செய்தி சொல்லட்டும். நம்ம நஷ்டம் உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்ல அதை நாட்டாமை ஆக்காதீங்க என்கிறோம்.

தீவுக்காரன் காட்டிய வழி

"இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், நாம கத்தி என்ன ஆகும்?" என்று கேட்பவங்களுக்கு ஒரு செய்தி. பசிபிக் கடலில் வனுவாட்டு என்று ஒரு தீவு நாடு. ஜனத்தொகை சுமார் மூணு லட்சம். நம்ம மாவட்டத்தின் ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்ல. 2019-ல் அந்தப் பக்கத்துச் சட்டக் கல்லூரி மாணவர்கள் கொஞ்சம் பேர், பருவநிலைக் கேட்டை உலக நீதிமன்றத்துக்குக் கொண்டு போகணும் என்று கிளம்பினாங்க. வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது. 2023-ல் ஐ.நா. பொதுச்சபை அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 ஜூலை 23-ம் தேதி உலக நீதிமன்றம் கருத்துச் சொல்லியது: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் பாதிக்கப்பட்டவருக்கு ஈடுகட்டும் பொறுப்பும் வரலாம்.

அது ஆலோசனைக் கருத்துதான், நாளைக்கே பணம் வராது. ஆனா நஷ்டஈடு என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று பாரிஸில் அடைச்ச கதவை, மூணு லட்சம் பேர் சேர்ந்து தட்டித் திறக்க வச்சாங்க. பதினெட்டு லட்சத்துக்கு மேல் இருக்கிற நம்மால் ஒரு கலெக்டர் ஆபீஸ் கதவைத் தட்ட முடியாதா?

நாம் கேட்பது

1. சேதக் கணக்கை கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் அலுவலரும் விவசாயிகளோடு வயலில் நடந்து எடுக்கணும். பட்டியலை ஊரில் வாசிக்கணும். மறுப்புச் சொல்ல 15 நாள் தரணும்.

2. ரேகை விழலை, ஓ.டி.பி. வரல, எண் இல்ல என்று யாருக்கும் நிவாரணமோ காப்பீடோ மறுக்கக் கூடாது. காகித மனுவுக்கும் ரசீது தரணும்.

3. புயல், வெள்ளக் காலத்தில் 72 மணி நேரத்தைக் கரண்டும் டவரும் திரும்பி வந்த நேரத்தில் இருந்து எண்ணணும்.

4. பாட்டத்துக்குப் பயிர் செய்கிறவரையும், தேவசம் நிலத்தில் பயிர் செய்கிறவரையும் விவசாயி என்று பதியணும்.

5. அறுவடைச் சோதனைக் கணக்கும் செயற்கைக்கோள் கணக்கும் ஊர் வாரியாக ஒட்டணும்.

6. நம்ம தகவலை எந்தக் கம்பெனிக்கும் நம்ம சம்மதம் இல்லாமல் கொடுக்கக் கூடாது. யார் யாருக்குக் கொடுத்தாங்க என்று கேட்டால் எழுத்தில் தரணும்.

7. அணை மட்டமும் மழை எச்சரிக்கையும் ஊராட்சிப் பலகையிலும் ஒலிபெருக்கியிலும் வரணும்.

8. உலக மாநாடுகளில் இந்திய அரசு கேட்கும் பணம் கடனாக இல்லாமல் கொடையாக வரணும். அது ஊராட்சி வரைக்கும் இறங்குவதற்கு இங்கேயும் சட்டம் போடணும்.

நாம் செய்ய வேண்டியது

கேட்டுட்டு உட்கார்ந்திருந்தால் வராது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்க. சர்வே நம்பர், பயிர், நட்ட தேதி, தண்ணி எத்தனை நாள் நின்னது, பக்கத்து வயல்காரர் ரெண்டு பேர் கையெழுத்து. செல்போன் வச்சிருக்கிற பிள்ளைங்க போட்டோ எடுத்து வைக்கட்டும். அரசாங்கக் கணக்கு தப்பாக வந்தால் எதிரே வைக்க நம்ம கணக்கு இருக்கணும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபை நாட்கள். அடுத்து வருகிற சபையில் இந்த எட்டுக் கோரிக்கையையும் தீர்மானமாக எழுத வைங்க. உங்க ஊர் அறுவடைச் சோதனை முடிவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்க. மனு எழுதத் தெரியாதவங்க சங்க ஆபீசுக்கு வாங்க, எழுதித் தர்றோம். நாகர்கோவிலில் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு, ஒருத்தர் ரெண்டு பேராக இல்லாமல், ஊர் ஊராகத் திரண்டு வாங்க. நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துட்டு வாங்க.

ஊரில் எடுத்த கணக்கு ஊரில் வாசிக்கப்படட்டும்!
உழுதவன் பேர் ஏட்டில் ஏறட்டும்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
சங்கச் செயலாளர்